கண்ணாடி முன்னால் நிற்கும் பையன்களைப் பற்றி

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன்பு உங்கள் ஞாயிறு இணைப்பில் ஆண்களின் தோற்றத்தைப் பற்றி ஒரு முழுப்பக்கம் வந்திருந்தது. இடது பக்கம் தொப்பையோடு தோளைத் தொங்கப்போட்டு நிற்கும் ஒருவர், வலது பக்கம் பன்னிரண்டு வாரம் கழித்து அதே மனிதர், வயிற்றில் கட்டம் கட்டமாகத் தசையோடு. கீழே தாடி அடர்த்தியாக என்ன செய்யலாம், தாடை எடுப்பாகத் தெரிய முடியை எப்படி வெட்டிக்கொள்ளலாம், நெற்றி ஏறியவர்கள் அதை எப்படி மறைக்கலாம் என்று குறிப்புகள். எழுதியவர் மீது எனக்குக் கோபமில்லை, நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனாலும் அதைப் படித்துவிட்டுப் பேப்பரை மடிக்காமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இருபது வருடத்துக்கும் மேலாக உங்கள் பத்திரிகையைப் படிக்கிறேன், ஒரு தடவைகூடக் கடிதம் எழுதியதில்லை, இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும். சுருக்கித்தான் போட வேண்டும் என்றால் என் அக்கா மகனைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

எனக்கு 44 வயது. உயரம் 161 சென்டிமீட்டர். குறுகலான தோள், மெலிந்த மணிக்கட்டு, தாடி விட்டால் கன்னத்தில் திட்டுத் திட்டாகத்தான் வரும். முன்நெற்றி இருபத்தேழு வயதில் ஏற ஆரம்பித்தது. ஆண்களின் முடி உதிர்வை ஒன்று முதல் ஏழு வரை நிலைகளாகப் பிரிக்கும் ஒரு அளவுகோல் இருக்கிறது, 1951இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற ஆய்வாளர் வகுத்ததை 1975இல் நார்வுட் என்பவர் திருத்தி அமைத்தார், அதன்படி நான் இப்போது நான்காம் நிலையில் இருக்கிறேன். எந்த டாக்டரும் இதை எனக்குச் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படமாகப் பார்த்து, என் தலையோடு ஒப்பிட்டு நானே தெரிந்துகொண்டேன். என்னைப் போல எத்தனை ஆண்கள் இப்படி ராத்திரியில் தேடியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். காலையில் எழுந்தால் ஒருத்தரும் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டோம்.

குரூப் போட்டோ எடுக்கும்போது பின்வரிசைக்கு நகர்வது, நகர முடியாவிட்டால் யார் பக்கத்தில் நின்றால் உயர வித்தியாசம் குறைவாகத் தெரியும் என்று பார்த்து நிற்பது, மேலே விளக்கு எரியும் இடத்தில் உட்காராமல் தள்ளி உட்காருவது, காற்றடித்தால் கை தானாக நெற்றிக்குப் போவது, இதெல்லாம் எனக்கு மூச்சு விடுவது மாதிரிப் பழகிப்போனது. முடிவெட்டப் போகும் நாளில் காலையிலிருந்தே மனசு ஒரு மாதிரி இருக்கும். முடி வெட்டுபவர் கண்ணாடியை எடுத்துப் பின்மண்டையைக் காட்டும் அந்த ஒரு நொடிக்குக் கண்ணை மூடிக்கொள்வேன். அவர் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாமல் விடுகிறாரே, அவருக்கும் புரிகிறது என்று தோன்றும்.

நான் இளைஞனாக இருந்த காலத்தில் இதெல்லாம் இல்லை என்று சொன்னால் அது பொய். குள்ளம் என்றார்கள், ஒல்லிக்குச்சி என்றார்கள், சொட்டை என்றார்கள். வலிக்கத்தான் செய்தது. ஆனால் அன்றைக்கு ஒரு ஆணின் தோற்றத்தில் ஊர் பார்த்தது மூன்று நான்கு விஷயம்தான், குளித்துத் துவைத்த சட்டை போட்டு ஷேவ் செய்துகொண்டு போனால் மீதியைக் கேட்க ஆள் கிடையாது. இன்றைக்கு அந்தப் பட்டியல் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். தாடை எலும்பு எத்தனை டிகிரியில் திரும்புகிறது, கண்ணின் வெளி ஓரம் உள் ஓரத்தைவிட மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, தோளகலத்துக்கும் இடுப்பகலத்துக்கும் உள்ள விகிதம், முன்கையில் நரம்பு புடைத்துத் தெரிகிறதா, மூக்கிலிருந்து மேலுதடு வரை எத்தனை மில்லிமீட்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். முன்பு ஒருவர் கிண்டல் செய்தால் அது அந்த ஆளின் வாய்க்கொழுப்பு என்று தள்ளிவிடலாம். எண்ணை அப்படித் தள்ள முடியவில்லை, ஏதோ அளந்து பார்த்துத் தீர்ப்பு எழுதின மாதிரி வந்து நிற்கிறது.

எனக்கு வரலாறு படிப்பதில் ஆர்வம் உண்டு, அதனால் ஆறுதல் தேடி அங்கேயும் போனேன். ஆண்கள் அழகுக்காக மெனக்கெடுவது புதிதே இல்லை. பிரான்ஸ் அரசன் பதின்மூன்றாம் லூயிக்கு இளம் வயதிலேயே முடி கொட்டியது, 1620களில் அவன் விக் வைக்க ஆரம்பித்தான், அவன் மகன் காலத்தில் அரசவை ஆண்கள் எல்லோரும் விக்கும் குதிகால் உயர்ந்த செருப்பும் பட்டும் சரிகையுமாகத் திரிந்தார்கள். அப்புறம் பதினெட்டாம் நூற்றாண்டு முடியும்போது அதையெல்லாம் ஆண்கள் கழற்றிப் போட்டுவிட்டுக் கறுப்பு, பழுப்பு என்று மங்கலான உடைக்கு வந்துவிட்டார்கள், இதை 1930இல் ஃப்ளூகல் என்ற உளவியலாளர் 'ஆண்களின் பெருந்துறவு' என்றே குறிப்பிட்டார். அதற்கும் அப்புறம் சாண்டோ என்ற உடற்கட்டு வீரர் வந்தார். அருங்காட்சியகங்களில் இருந்த பழைய கிரேக்கச் சிலைகளின் அளவை வைத்துக்கொண்டு தன் உடம்பை வளர்த்தவர், 1901இல் லண்டனில் பெரிய அரங்கத்தில் உடற்கட்டுப் போட்டியே நடத்தினார், ஆர்தர் கோனன் டாயில் நடுவர்களில் ஒருவர். சலவைக்கல் சிலை மாதிரித் தெரிய வேண்டும் என்று உடம்பில் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு போட்டோவுக்கு நின்ற மனிதர் அவர்.

இதெல்லாம் படித்தபோது கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தது. அளவுகோல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது, இதுவும் மாறும் என்று நினைத்தேன். ஆனால் அந்த நிம்மதி நிற்கவில்லை, ஏனென்றால் விக்கை ராத்திரி கழற்றி வைத்துவிடலாம். செருப்பைக் கழற்றிவிடலாம். இப்போது கேட்கப்படுவது சதையிலும் எலும்பிலும். உயரத்துக்குக்கூட அறுவை சிகிச்சை வந்துவிட்டது. 1950களில் இலிசரோவ் என்ற ரஷ்ய மருத்துவர் அடிபட்டு எலும்பு சேராதவர்களுக்காகவும் கால் குட்டையாகிப் போனவர்களுக்காகவும் கண்டுபிடித்த முறையை, கால் நன்றாக இருப்பவர்களும் இன்று செய்துகொள்கிறார்கள். எலும்பை வெட்டி, ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் விலக்கிக்கொண்டே போவார்கள், இடைவெளியில் புது எலும்பு வளரும். ஐந்து சென்டிமீட்டருக்கு ஐம்பது நாள் போல விலக்க வேண்டும், அப்புறம் அது கெட்டிப்பட மாதக்கணக்கு, நரம்பும் தசையும் பாதிக்கப்படும் ஆபத்து வேறு. நான் இதைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறேன் என்பதிலிருந்தே நான் எதற்காகத் தேடினேன் என்று உங்களுக்குப் புரியும்.

இனி என் அக்கா மகனைப் பற்றி.

அவனுக்குப் பதினேழு வயது. நன்றாகப் படிப்பவன், கால்பந்து ஆடுவான், சின்ன வயதில் என் முதுகிலேயே வளர்ந்தவன். போன விடுமுறைக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தான். ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும், அவன் அறையில் விளக்கு எரிந்தது, கதவு லேசாகத் திறந்திருந்தது. போனை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தலையை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான். என்னடா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் போனை நீட்டினான். திரையில் அவன் முகத்தின் மேல் கோடு கோடாகப் போட்டு, கோணம் எழுதி, கீழே ஒரு எண் இருந்தது. "பத்துக்கு நாலரைதான் மாமா" என்றான். பரீட்சையில் மார்க் குறைந்தால் வரும் குரல்கூட இல்லை அது, அதைவிடத் தாழ்ந்திருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆறு மாதமாக நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி வைத்துக்கொண்டே இருக்கிறானாம், தாடை முன்னால் வருமென்று. கெட்டியான சூயிங்கத்தை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மெல்கிறான், காதுக்குக் கீழே வலிக்க ஆரம்பித்திருக்கிறது. பள்ளியில் ஒரு பெண் போட்டோ எடுக்கலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. இன்னொன்றையும் சொன்னான், அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கன்னத்தெலும்பையும் தாடையையும் கடினமான பொருளால் தட்டித் தட்டி அடித்தால் எலும்பு தடிமனாகும் என்று சொல்லி வீடியோ போடுகிறார்கள், அதை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். செய்யவில்லை, பார்த்திருக்கிறான், எப்போது செய்யலாம் என்று யோசித்திருக்கிறான்.

இந்த இடத்தில் உங்கள் வாசகர்களில் பெற்றோராக இருப்பவர்களுக்காக ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எலும்பு சுமைக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளும் என்பது உண்மை, அதைத்தான் திரித்துச் சொல்கிறார்கள். நடப்பது, எடை தூக்குவது போன்ற சுமையால், மாதங்கள் வருடங்கள் கடந்து நடக்கும் மாற்றம் அது. முகத்தில் அடித்தால் வருவது வீக்கம். வீங்கினதும் இரண்டு நாளைக்கு எலும்பு எடுப்பான மாதிரித் தெரியும், போட்டோ எடுத்துப் போடுவார்கள். எலும்பு விரிசல் விடலாம், கோணலாகச் சேரலாம், முக நரம்பு அடிபட்டால் மரத்துப்போகலாம், பல் ஆடலாம். உங்கள் வீட்டுப் பையன் முகத்தில் காரணம் சொல்லாத காயமோ வீக்கமோ இருந்தால் தயவுசெய்து உட்கார்ந்து கேளுங்கள்.

அன்று ராத்திரி அவனுக்கு அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தோம். 2018இல் அமெரிக்க முக அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் ஒரு ஆய்வு வெளியிட்டிருந்தார்கள். முகத்திலிருந்து ஒரு அடி தூரத்தில் போனைப் பிடித்து செல்ஃபி எடுத்தால், ஐந்து அடி தூரத்திலிருந்து எடுக்கும் படத்தைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். மூக்கை அறுத்துச் சின்னதாக்கச் சொல்லி செல்ஃபியைக் காட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துத்தான் அந்தக் கணக்கையே போட்டார்கள். கிட்டே இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் தெரியும், முகத்தில் கேமராவுக்குக் கிட்டே இருப்பது மூக்கு, தள்ளி இருப்பது காதும் தாடை ஓரமும். அவ்வளவுதான் சங்கதி. அவனைச் சுவரோரம் நிற்க வைத்து ஒரு அடியில் ஒரு படம், ஐந்து அடியில் ஒரு படம் எடுத்து, இரண்டையும் அதே ஆப்பில் போட்டோம். வேறு வேறு எண் வந்தது. ஒரே முகம், ஒரே நிமிடம். அவன் வெகுநேரம் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன். படத்தைப் பார்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "நீங்களும் அலமாரியில பாட்டில் வெச்சிருக்கீங்களே மாமா" என்றான்.

மூன்று வருடமாகத் தலைக்கு மினாக்ஸிடில் என்ற முடி வளரும் மருந்து போடுகிறேன். சட்டைகளுக்குப் பின்னால் ஒரு பைக்குள் பாட்டிலை ஒளித்து வைத்திருப்பேன். என் மனைவிக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார், நான் சங்கடப்படுவேன் என்று. இவன் துண்டு எடுக்கப் போனபோது எப்போதோ பார்த்திருக்கிறான். அதைவிட முக்கியமாக, நான் போட்டோவுக்கு ஒதுங்குவதை, நெற்றியைத் தடவுவதை, கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பி வயிற்றை உள்ளிழுப்பதை எல்லாம் அவன் நாலு வயதிலிருந்து பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். ஒரு ஆணுக்குத் தன் உடம்பு வெட்கப்பட வேண்டிய பொருள், அந்த வெட்கத்தையும் வெளியே சொல்லக்கூடாது என்று அவனுக்கு முதலில் காட்டிக்கொடுத்தது போன் இல்லை, நான். நான் இந்தக் கடிதத்தில் சொல்ல வந்ததே இதுதான். போனைக் குற்றம் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது என்று நினைக்கிறேன்.

மருந்து போடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. மினாக்ஸிடில் முதலில் ரத்தக் கொதிப்புக்கான மாத்திரையாக வந்தது, சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள், அமெரிக்காவில் 1988இல் ஆண்களுக்கு அனுமதி கிடைத்தது. சிலருக்குப் பலன் உண்டு, நிறுத்தினால் சில மாதங்களில் வளர்ந்தது கொட்டிவிடும். முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டெரைடு மாத்திரை 1997இல் வந்தது, ஆண்மை தொடர்பான பக்கவிளைவுகள் சிலருக்கு வரலாம் என்று அதன் குறிப்பிலேயே போட்டிருக்கிறது. இதையெல்லாம் டாக்டரிடம் கேட்டுச் செய்துகொள்வது அவரவர் விருப்பம். தடவுவதில் எனக்கு வெட்கம் இருந்திருக்க வேண்டியதில்லை. ஒளித்து வைத்தேனே, அதுதான் அந்தப் பையனிடம் போய்ச் சேர்ந்தது. ஐம்பது வயதுக்குள் ஏறக்குறைய பாதி ஆண்களுக்கு ஓரளவாவது வழுக்கை விழுகிறது. பாதிப் பேருக்கு நடப்பதை உங்கள் பக்கத்தில் 'குறை' என்று போட்டிருந்தார்கள், அந்த வார்த்தை என்னைக் குத்தியது.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். ஹாரிசன் போப் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 1999இல் ஒரு வேலை செய்தார்கள், பையன்கள் விளையாடும் சிப்பாய்ப் பொம்மைகளை எடுத்து அளந்தார்கள். 1964இல் வந்த பொம்மையை ஒரு சராசரி ஆணின் உயரத்துக்குப் பெரிதாக்கினால் அதன் புஜம் 12 அங்குலம் சொச்சம் வந்தது. அதே வரிசையில் 1990களில் வந்த ஒரு பொம்மையின் புஜம் கிட்டத்தட்ட 27 அங்குலம். பெரிய பெரிய உடற்கட்டு வீரர்களையும் மிஞ்சும் அளவு அது. அடுத்த வருடம் அவர்களே ஆஸ்திரியா, பிரான்ஸ், அமெரிக்கா மூன்று நாட்டிலும் ஆண்களிடம் கணினியில் படங்களைக் காட்டி, எப்படி இருக்க ஆசைப்படுகிறீர்கள், பெண்கள் எதை விரும்புவார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். தங்களிடம் இருப்பதைவிட 13 கிலோ அளவுக்குத் தசை கூடுதலாக உள்ள உடம்பை ஆண்கள் தேர்ந்தெடுத்தார்கள், பெண்கள் விரும்புவது அதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றும் நம்பினார்கள். பெண்களைக் கேட்டபோது அவர்கள் காட்டியதோ சாதாரண உடம்பை. யாரும் கேட்காத ஒன்றைக் கொடுப்பதற்காக நாம் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறோம். இதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது. எத்தனை வருடம்!

உங்கள் பக்கத்தில் வந்தது போன்ற 'முன், பின்' படங்கள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதையும் நீங்கள் எழுதியிருக்க வேண்டும். வயிற்றைத் தள்ளி, தோளைத் தொங்கவிட்டு, வெளிச்சத்தை நேராக அடித்தால் 'முன்'. உடற்பயிற்சி செய்து தசையில் ரத்தம் ஏறின நிமிடத்தில், உடம்பில் எண்ணெய் தடவி, மேலிருந்து விளக்குப் போட்டு மூச்சை இழுத்துப் பிடித்தால் 'பின்'. நடிகர்கள் சட்டையில்லாத காட்சிக்கு முன்னால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்துவார்கள், தோலுக்கடியில் நீர் வற்றினால் தசை தெளிவாகத் தெரியும் என்று. ஜாக் எஃப்ரான் 2017இல் வந்த 'பேவாட்ச்' படத்துக்காக அப்படி உடம்பை வைத்துக்கொண்டதைப் பற்றிப் பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார், உடம்பிலிருந்து நீரை வெளியேற்றும் மாத்திரை எடுத்தது, தூக்கம் போனது, மனச்சோர்வில் விழுந்தது, அதிலிருந்து மீண்டு வர மாதங்கள் ஆனது எல்லாவற்றையும் சொன்னார். அந்த உடம்பைக் கொண்டிருந்தவருக்கே அது தாங்கவில்லை. அதைப் பார்த்துத்தான் பதினேழு வயதுப் பையன் தன்னைக் கணக்குப் பார்க்கிறான்.

அடுத்த படி ஸ்டெராய்டு ஊசி. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் போனால் மூளை 'இனி நாம் உற்பத்தி செய்ய வேண்டாம்' என்று சமிக்ஞையை நிறுத்திவிடுகிறது, விரை சுருங்கும், விந்தணு குறையும், இதயத் தசை கெடும். வளரும் வயதில் போட்டுக்கொண்டால் எலும்பு நுனிகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் சீக்கிரமே மூடிக்கொள்ளலாம், அதாவது ஏற்கெனவே குள்ளம் என்று ஏங்கும் பையன் வளர வேண்டிய உயரத்தையும் இழப்பான். இதை எந்த ஜிம்மில் யார் அவனுக்குச் சொல்லப் போகிறார்கள்?

எவ்வளவு தசை போட்டாலும் போதவில்லை, நான் இன்னும் ஒல்லியாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்து அதிலேயே மூழ்கிப்போவதற்கு ஒரு பெயர் இருக்கிறது. 1993இல் போப்பும் மற்றவர்களும் முதலில் அதை விவரித்தார்கள், 1997இல் 'மசில் டிஸ்மார்ஃபியா' என்று பெயர் வைத்தார்கள், 2013இல் மனநல மருத்துவர்களின் கையேட்டில், தன் உடல் தோற்றத்தைப் பற்றிய மிதமிஞ்சிய கவலை நோயின் ஒரு வகையாக அது இடம்பிடித்தது. சிகிச்சையும் உண்டு. ஒரு நாள் உடற்பயிற்சி தவறினால் பதறுவது, நண்பர்களோடு போவதை விட்டுவிடுவது, வெயிலிலும் இரண்டு சட்டை போட்டுக்கொள்வது, ஒன்று கண்ணாடியை விட்டு நகராதது அல்லது கண்ணாடியையே பார்க்காதது, இப்படி இருந்தால் கவனிக்க வேண்டும். ஆனால் நம் வீடுகளில் ஒரு பையன் ஜிம்முக்குத் தவறாமல் போனால் கெட்ட பழக்கம் இல்லாத பிள்ளை என்று சந்தோஷப்படுவோம், அவன் உள்ளே எரிந்துகொண்டிருந்தாலும் தெரியாது.

இதையெல்லாம் என் அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதைத்தானே நாங்க பொறந்ததுலேர்ந்து அனுபவிக்கிறோம், இப்பதான் உங்களுக்கு வலிக்குதா" என்றாள். எனக்குப் பதிலில்லை. அவள் சொன்னது சரி. நான் கல்லூரிக் காலத்தில் நண்பர்களோடு சேர்ந்து பெண்களின் தோற்றத்துக்கு மார்க் போட்டுச் சிரித்தவன்தான், அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவர்களுக்கு இருந்த பாரம் நமக்கும் வந்துவிட்டது என்பதால் அது நியாயமாகிவிடாது, இரண்டு பேர் தோளிலிருந்தும் இறங்க வேண்டும். ஒரு வித்தியாசம் மட்டும் எனக்குத் தெரிகிறது. அக்காவுக்குத் தன் தோழிகளிடம் இதைப் பேச வார்த்தை இருந்தது. அம்மாவிடம் அழுதிருக்கிறாள், அம்மா தன் கதையைச் சொல்லித் தேற்றியிருக்கிறாள். எங்களுக்கு, நண்பர்களுக்குள், கிண்டல் ஒன்றுதான் இருந்தது. ஒருவன் முடியைப் பற்றி மனசு விட்டுப் பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே யாராவது நக்கல் அடித்து அடைத்துவிடுவோம். நானும் அடைத்திருக்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆண்களின் தோற்றத்தைப் பற்றிய பக்கத்தை நிறுத்த வேண்டாம், ஆசைப்பட்டு அலங்காரம் செய்துகொள்வதில் சந்தோஷம் இருக்கிறது, அதை நான் கெடுக்க விரும்பவில்லை. 'முன், பின்' படம் போட்டால் அது எப்படி எடுக்கப்பட்டது என்று பக்கத்திலேயே எழுதுங்கள், எழுத முடியாவிட்டால் படத்தை எடுத்துவிடுங்கள். வழுக்கையையும் குள்ளத்தையும் மறைக்க வேண்டியவை என்று சொல்லாதீர்கள். உடம்பைப் பற்றிய கவலையில் சிக்கிக்கொண்ட பையன்களுக்கும் ஆண்களுக்கும் ஒரு மனநல மருத்துவரைப் பதில் எழுதச் சொல்லுங்கள், பெயர் போடாமல் கேள்வி அனுப்ப வழி செய்யுங்கள், ஏனென்றால் பெயரோடு கேட்க மாட்டோம். அப்புறம் உங்கள் பத்திரிகையில் பேட்டி வரும் ஆண்கள், விஞ்ஞானியோ விவசாயியோ ஆசிரியரோ, அவர்கள் முகத்தில் இருக்கும் சுருக்கத்தையும் புள்ளியையும் கணினியில் துடைக்காமல் அப்படியே போடுங்கள். ஒரு பையன் பேப்பரைப் புரட்டும்போது சாதாரண ஆண் முகங்கள் நிறையக் கண்ணில் படட்டும்.

பாட்டிலை இப்போது குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே, பல் தேய்க்கும் பேஸ்ட் பக்கத்தில் வைத்திருக்கிறேன். போன வாரம் அக்கா மகன் மறுபடியும் வந்திருந்தான். சூயிங்கத்தை விட்டுவிட்டதாகச் சொன்னான், தாடை வலி குறைந்திருக்கிறது. ஆப்பை அழித்தாயா என்று கேட்டேன், இல்லை என்று உண்மையைச் சொன்னான், வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கிறானாம். கிளம்பும்போது வாசலில் வைத்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்றான், நாங்கள் இரண்டு பேரும். அவன் என்னைவிட அரையடி உயரம் இப்போது. வெயில் நேராக என் நெற்றியில் விழுந்தது, கை மேலே போகப் பார்த்தது, அவன் தோளில் போட்டுக்கொண்டேன். ஐந்து அடி தள்ளி நின்று அக்கா எடுத்தாள். அதை அவன் தன் போனில் முகப்புப் படமாக வைத்திருக்கிறான் என்று நேற்று அக்கா சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்
(பெயரைப் போடலாம், எனக்குத் தயக்கமில்லை. பையன் கேட்டுக்கொண்டதால் மட்டும் விட்டுவிடுங்கள்.)